கீரையில் எண்ணெய் ஊற்றுவது எதற்கு?

மதுரைக்கு மேற்கே செக்கானூரணி, உசிலம்பட்டி பக்கம் போனால் வீட்டுக் கொல்லைகளில் முருங்கை மரங்களைப் பார்க்கலாம். அங்கெல்லாம் கீரையைக் காசு கொடுத்து வாங்குவது குறைவு. தொரட்டியால் ஒரு கொப்பை இழுத்து ஒடித்தால் அன்றைய பொரியலுக்கு ஆயிற்று. அந்த இலையில் விட்டமின் ஏ-வாக மாறக்கூடிய பீட்டா கரோட்டின் ஏராளமாக இருக்கிறது. அப்படியிருந்தும் அரை நூற்றாண்டுக்கு முன்பு தமிழ்நாட்டுக் கிராமங்களில் பொழுது சாய்ந்ததும் கண் தெரியாமல் தடுமாறும் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, அதற்கு முன்பு அரசு மருத்துவமனையில் பணியாற்றிய காலத்திலேயே, சத்துக் குறைவால் கண் கெடும் குழந்தைகளுக்கென்று ஒரு மையம் அமைத்தார். அந்த அளவுக்குப் பிரச்சினை பெரிதாக இருந்தது.

மரம் கொல்லையிலேயே நிற்கும்போது பிள்ளைக்கு ஏன் மாலைக்கண்? வறுமை, ஓயாத வயிற்றுப்போக்கு, அம்மை, சின்னப் பிள்ளைக்குக் கீரை செரிக்காது என்று கொடுக்காமல் விடுவது என்று காரணங்கள் பல. ஆனால் உடம்புக்குள் நடப்பதைப் பார்த்தால் அடியில் இன்னொரு காரணம் தெரியும். எந்தச் சத்தும் தனியாகப் போய் வேலை செய்வதில்லை. உள்ளே நுழைய ஒரு துணை, இடம் மாற ஒரு துணை, வேலையைத் தொடங்க ஒரு துணை என்று ஒவ்வொன்றும் வேறு சத்துகளை நம்பி இருக்கிறது.

முதல் துணை எண்ணெய். பீட்டா கரோட்டின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். இலையின் செல்களுக்குள் அது புரதத்தோடு பின்னிக் கிடப்பதால் பச்சையாக மென்றால் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். வேகவைக்கும்போது செல்சுவர் தளர்ந்து கொஞ்சம் விடுபடுகிறது. சாப்பாட்டில் எண்ணெய் இருந்தால் அது குடலுக்குப் போனதும் கல்லீரலிலிருந்து பித்தநீர் வந்து கொழுப்பை நுண்ணிய துளிகளாக உடைக்கும். அந்தத் துளிகளுக்குள் ஏறிக்கொண்டுதான் கரோட்டின் குடல்சுவர் வரை போய்ச் சேர முடியும். கொழுப்பே இல்லாத சாப்பாடு என்றால் அதற்கு ஏற வண்டி கிடையாது. இதற்கு எண்ணெயைக் குடம் குடமாக ஊற்ற வேண்டியதில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டில் 5 கிராம் அளவுக்குக் கொழுப்பு இருந்தாலே கரோட்டின் உள்ளே போகப் போதும். அதாவது ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், இல்லாவிட்டால் பொரியல் மேல் தூவும் தேங்காய்த் துருவல். உடம்பு இளைக்க வேண்டும் என்று தாளிக்காமல், தேங்காயும் போடாமல், வெறும் தண்ணீரில் கீரையை வேகவைத்துச் சாப்பிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

குடல்சுவரின் செல்லுக்குள் ஒரு நொதி பீட்டா கரோட்டினை நடுவில் வெட்டி விட்டமின் ஏ ஆக்குகிறது. இந்த மாற்றத்தில் நஷ்டம் அதிகம். உணவில் வரும் 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் 1 மைக்ரோகிராம் விட்டமின் ஏ-வுக்குச் சமம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். கீரை, கேரட், மாம்பழம், பரங்கிக்காய் ஆகியவற்றில் கிடைப்பது இந்தக் கச்சாப்பொருள்தான். பால், முட்டை மஞ்சள்கரு, மீன், ஈரல் இவற்றில் தயாரான விட்டமின் ஏ-வே இருக்கிறது. ஈரலில் அது மிக அதிகம். காரணம் எளிது: நம் உடம்பைப் போலவே ஆட்டின் உடம்பும் விட்டமின் ஏ-வை ஈரலில்தான் சேமித்து வைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நாம் வாங்குவது ஆடு மேய்ந்த பச்சையெல்லாம் சேர்ந்த சேமிப்பு.

நம் ஈரலில் சேர்ந்த விட்டமின் ஏ கண்ணுக்குப் போக வேண்டும். நடுவில் இருப்பது ரத்தம். அது நீர்மயமானது, கொழுப்பில் கரையும் பொருள் அதில் தானாக மிதந்து போகாது. ஈரல் தானே ஒரு புரதத்தைச் செய்து, விட்டமின் ஏ மூலக்கூறு ஒவ்வொன்றையும் அதற்குள் பொதிந்து அனுப்புகிறது. அந்தப் புரதத்தைச் செய்யச் சாப்பாட்டில் புரதம் வேண்டும், துத்தநாகமும் வேண்டும். நோஞ்சானாகிப் போன குழந்தைக்கு இங்கேதான் சிக்கல். ஈரலில் கொஞ்சம் இருப்பு இருந்தாலும் அதை வெளியே அனுப்ப வழியில்லாமல் போய்விடும். விட்டமின் ஏ குறைவு என்று கண் மருத்துவர் சொல்லும் இடத்தில் பருப்பும் முட்டையும் சேர்ந்தே குறைந்திருக்கும்.

சரி, கண்ணுக்குள் அது செய்யும் வேலை என்ன? விழித்திரையில் மங்கிய ஒளியில் பார்ப்பதற்கென்றே கோல் வடிவச் செல்கள் இருக்கின்றன, ஒரு கண்ணில் சுமார் 12 கோடி. அவற்றில் ஆப்சின் என்ற புரதமும் அதற்குள் வளைந்து உட்கார்ந்த ரெட்டினால் என்ற மூலக்கூறும் உண்டு. ரெட்டினால் என்பது விட்டமின் ஏ-வின் இன்னொரு வடிவம். ஒளி வந்து பட்டதும் வளைந்த ரெட்டினால் நிமிர்ந்துவிடுகிறது. இதற்கு ஆகும் நேரம் ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அது நிமிரும் உலுக்கலில் ஆப்சினின் வடிவம் மாறுகிறது, அந்த மாற்றம்தான் கடைசியில் நரம்புச் செய்தியாகி மூளைக்குப் போகிறது. நாம் பார்க்கும் ஒவ்வொரு காட்சியின் தொடக்கமும் இந்த நிமிர்தல்தான். விழித்திரையில் விட்டமின் ஏ இருப்பதை 1930-களில் கண்டறிந்த ஜார்ஜ் வால்டு, இந்தத் துறை வேலைக்காக 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நிமிர்ந்த ரெட்டினாலை மறுபடி வளைத்து ஆப்சினுக்குள் பொருத்த நேரம் பிடிக்கும். சித்திரை வெயிலிலிருந்து தியேட்டருக்குள் நுழைந்தால் முதலில் இருக்கையே தெரியாமல் கையால் துழாவுகிறோமே, அது இந்தத் தாமதம்தான். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் விட்டமின் ஏ வீணாகும், அதை ரத்தம் நிரப்ப வேண்டும். நிரப்ப இருப்பு இல்லாத குழந்தைக்கு அரை மணி நேரம் போனாலும் இருட்டு இருட்டாகவே இருக்கும். மாலைக்கண் இதுதான். கவனிக்காமல் விட்டால் வெண்விழி வறண்டு நுரை போன்ற திட்டுகள் தோன்றும், பிறகு கருவிழி மென்மையாகிக் கரைந்தே போகலாம். மாலைக்கண் வரை திரும்பி வர வழி உண்டு, கருவிழி கரைந்த பிறகு பார்வை மீளாது.

ஆனால் கண் ஒரு முன்னறிவிப்பு மட்டும்தான் என்பது 1980-களில் தெரியவந்தது. இந்தோனேசியாவில் ஆல்ஃபிரட் சாமர் என்ற கண் மருத்துவர், லேசான மாலைக்கண் உள்ள குழந்தைகளும் மற்ற குழந்தைகளைவிட அதிகமாக இறப்பதைக் கவனித்தார். கண்ணுக்காக யாரும் சாக மாட்டார்கள், அதனால் உலகம் முதலில் நம்பவில்லை. அதைச் சோதித்த முக்கியமான ஆய்வுகளில் ஒன்று நம் ஊரிலிருந்து வந்தது. அரவிந்த் மருத்துவமனையின் டாக்டர் லக்ஷ்மி ரஹமத்துல்லாவும் அவர் குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் 5 வயதுக்குட்பட்ட 15,419 குழந்தைகளை ஓர் ஆண்டு பின்தொடர்ந்தார்கள். பாதிப் பேருக்கு வாரம் ஒருமுறை சிறிய அளவு விட்டமின் ஏ, மற்றவர்களுக்கு அது இல்லை. முடிவு 1990-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. விட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே மரணம் 54 சதவீதம் குறைந்திருந்தது. என்னை அசர வைப்பது அந்த அளவுதான். வாரத்துக்கு 2,500 மைக்ரோகிராம், அதாவது ஒரு குழந்தை ஒழுங்கான சாப்பாட்டிலேயே பெற்றிருக்கக் கூடிய அளவு. அபூர்வ மருந்து எதுவும் இல்லை.

கண்ணுக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம்? மூச்சுக்குழாய், குடல், சிறுநீர்ப்பாதை எல்லாவற்றின் உள்சுவரும் ஈரமான மெல்லிய செல்களால் ஆனது. அந்தச் செல்கள் சரியாக வளர விட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் உள்சுவர் வறண்டு தடித்துக் கிருமிக்கு இடம் கொடுக்கிறது, நோய் எதிர்ப்புச் செல்களும் சுணங்குகின்றன. பிறகு சாதாரண வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் கொல்லும் நோய்களாகின்றன. தட்டம்மை வந்தால் இருக்கிற விட்டமின் ஏ-வும் கரைந்துவிடும், அது தனிக் கொடுமை. இன்று 9 மாதக் குழந்தைக்கு அம்மைத் தடுப்பூசியோடு வாயில் விடப்படும் அந்த மஞ்சள் மருந்து விட்டமின் ஏ-தான். பிறகு 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அங்கன்வாடியில் கூப்பிடும்போது தவறவிடாதீர்கள். நல்லதுதானே என்று மாத்திரையாக வாங்கிக் கூடுதலாகக் கொடுக்கவும் வேண்டாம். தயாரான விட்டமின் ஏ ஈரலில் தேங்கி நஞ்சாகக் கூடியது, கர்ப்பிணிகளுக்கு அளவு மீறினால் கருவுக்கே கெடுதல். கீரையில் வரும் கரோட்டினில் அந்த ஆபத்து இல்லை. தேவைக்கு ஏற்பத்தான் உடம்பு அதை மாற்றிக்கொள்ளும்.

அதே முருங்கைக் கீரைக்கு இரும்புச்சத்துக்கும் பெரிய பேர். இங்கே எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. முருங்கைப் பொடி விற்கிறவர்கள் 100 கிராம் பொடியின் கணக்கைப் போட்டு மலைக்க வைக்கிறார்கள். காய்ந்த இலையில் தண்ணீர் போய்விட்டதால் எல்லா எண்ணிக்கையும் பெருகித்தான் தெரியும். 100 கிராம் பொடியை யார் ஒரு நாளில் தின்கிறார்கள்? அதைவிடப் பெரிய கேள்வி, உள்ளே போன இரும்பில் குடல் எவ்வளவை எடுத்துக்கொள்கிறது என்பது.

இரும்பு இரண்டு விதமாக வருகிறது. கறியில் உள்ள இரும்பு ரத்தச் சிவப்போடு பிணைந்தே வருவதால் குடல் அதை எளிதில் எடுத்துக்கொள்ளும். மதுரையில் ரத்தம் குறைந்தவர்களுக்குச் சுவரொட்டி வாங்கி வறுத்துக் கொடுப்பார்கள். அது ஆட்டின் மண்ணீரல். பழைய ரத்தச் செல்கள் உடைபடும் இடம் என்பதால் ஈரலைவிடவும் இரும்பு கூடுதல். பெரியவர்கள் சொன்னது சரிதான். கீரையிலும் கேழ்வரகிலும் பருப்பிலும் வருவது மற்ற வகை. குடல் அதைச் சொற்பமாகத்தான் எடுக்கும், அதிலும் கூட வருவது யார் என்பதைப் பொறுத்து. விட்டமின் சி கூட இருந்தால் இரும்பைக் குடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றிக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும். கீரை சாப்பிடும் வேளையிலேயே ஓர் ஆயக்குடி கொய்யாவோ, எலுமிச்சை பிழிந்த ரசமோ போதும். விட்டமின் சி சூட்டில் அழியும் என்பதால் எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழிய வேண்டும்.

டீ இதற்கு நேர் எதிர். டீயில் உள்ள டானின் இரும்பைப் பற்றிக்கொண்டு விடாது. சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரை வகை இரும்பு உள்ளே போவது பாதிக்கு மேல் குறைந்துவிடுவதாகச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். நம் ஊரிலோ டீக்கடை இல்லாத தெருமுனை இல்லை. டிபன் முடிந்த கையோடு ஒரு டீ என்பது பலருக்கு மாற்றவே முடியாத பழக்கம். விடச் சொல்லவில்லை, ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தாலே பாதிப்பு வெகுவாகக் குறையும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. டீ மட்டும் காரணமில்லை, ஆனால் காசு செலவில்லாமல் மாற்றக்கூடியது அது.

தானியத்திலும் பருப்பிலும் இரும்பைக் கட்டிவைக்கும் இன்னொரு பொருள் ஃபைட்டேட். மாவு புளிக்கும்போது அதில் ஒரு பகுதி உடைகிறது. அப்படிப் புளித்த மாவில் வேகும் இட்லியைப் பலரும் நிறையப் புகழ்ந்தாகிவிட்டது, நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நம் உடம்பு தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் 9. அரிசியில் அவற்றில் லைசின் குறைவு, உளுந்தில் மெத்தியோனின் குறைவு. ஒன்றில் இல்லாததை மற்றது தருகிறது. பொங்கலில் பாசிப்பருப்பு சேர்வதும் அதே கணக்கு. மதுரை சிம்மக்கல் மாநகராட்சிப் பள்ளியில் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பொங்கலும் கிச்சடியும் சாம்பாரும் இடம்பெற்றது நல்ல தேர்வு. வெறும் ரவை உப்புமாவைவிட அவை எனக்கு மேலாகப் படுகின்றன.

கடைசியாக, தட்டிலேயே வைக்க முடியாத ஒரு துணை. பாலிலும் கேழ்வரகிலும் வரும் கால்சியம் குடலுக்குள் நன்றாகப் புக விட்டமின் டி வேண்டும், அதைத் தோலில் உண்டாக்குவது வெயிலின் புறஊதா பி கதிர். மதுரையில் வெயிலுக்குப் பஞ்சமா என்று கேட்கலாம். வெயில் இருக்கிறது, நாம்தான் அதில் இல்லை. இன்னொன்று, காலை ஆறரை மணி இளவெயிலில் நின்றால் விட்டமின் டி வரும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சூரியன் தாழ்ந்திருக்கும்போது அந்தக் கதிரைக் காற்றுமண்டலமே வடிகட்டிவிடும். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அது தோல் வரை வந்து சேரும், அதாவது பத்து மணிக்கு மேல் மூன்று மணிக்குள். முழங்கையும் முகமும் கொஞ்ச நேரம் வெயிலில் பட்டால் போதும். கருத்த தோலுக்குச் சற்றுக் கூடுதலாக நிற்க வேண்டும். சித்திரை, வைகாசியில் பத்து மணியை ஒட்டியே முடித்துக்கொண்டு நிழலுக்கு வந்துவிடுங்கள்.