கதவுக்குள் ஃபோமை நிரப்பாதீர்கள்

இந்த மழைக்காலத்தில் எங்கள் பட்டறைக்கு இப்படி வந்த மூன்றாவது கார் இது. "கண்ணாடி இறங்க மாட்டேங்குதுண்ணா, மோட்டார் போயிடுச்சு போல" என்றுதான் வண்டிக்காரர் கொண்டுவந்தார். டோர் பேடை, அதாவது கதவின் உட்பக்க மூடியைக் கழற்றினால் கதவின் பாதி உயரத்துக்கு மஞ்சள் ஃபோம். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே அடிக்கிற, உப்பி இறுகும் அதே பியூ (பாலியூரிதேன்) ஃபோம். மோட்டார் நன்றாகத்தான் இருந்தது, கண்ணாடி இறங்கத்தான் இடமில்லை. கத்தியால் ஒரு துண்டை அறுத்து எடுத்தேன். பின்னாலிருந்து பழுப்புத் தண்ணீர் வழிந்தது. அடித்தகட்டில் விரல் வைத்தால் துரு செதில் செதிலாக உதிர்கிறது. வண்டிக்கு வயது ஐந்துதான். "சத்தம் வராம இருக்க அடிச்சு விட்டாங்கண்ணா, ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார்.

கதவின் வெளித்தகட்டுக்கும் அதன் பின்னால் குறுக்கே ஓடும் பீம் என்கிற இரும்புச் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி இருப்பது குறை, அதை அடைத்துவிட்டால் சத்தம் நிற்கும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது. வெளித்தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. வெயிலில் விரியும், காற்றில் லேசாக உள்வாங்கும். அதைப் பீமோடு இறுக்கி ஒட்டினால் ஒட்டிய இடமெல்லாம் வெளியே தடம் தெரியும். ஃபோம் உப்பித் தள்ளினால் தகடு புடைக்கும். பெயின்ட் அடித்தாலும் சாய்வெயிலில் அந்த மேடு காட்டிக்கொடுத்துவிடும்.

எவர்சில்வர் தட்டைச் சுண்டிப் பாருங்கள், நீளமாக ஒலிக்கும். விளிம்பில் ஒரு விரலை வைத்தால் அடங்கிவிடும். தட்டு நிறைய மணலைக் கொட்ட வேண்டியதில்லை. கார் கம்பெனியும் அந்த ஒரு விரலைத்தான் வைக்கிறது. பானெட்டைத் தூக்கி, உள்சட்டமும் மேல்தகடும் சேரும் இடத்தைப் பாருங்கள். பல வண்டிகளில் காசளவு ரப்பர் மாதிரியான பொட்டுகள் இடைவெளி விட்டு இருக்கும். கூரைக்குக் குறுக்கே ஓடும் பட்டைகளிலும் கதவு பீமிலும் இதே கதைதான். தகடு அதன்மேல் சாய்ந்திருக்கும், சிறைப்பட்டிருக்காது.

கதவின் உட்புறம் நனைகிற இடம். கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைத்தண்ணீர் கீழே உள்ள ஓட்டைகள் வழியாக வெளியேற வேண்டும். அவற்றை அடைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவா வேண்டும்?

டிங்கரிங் வேலை செய்யும் தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கதவின் வெளித்தகட்டை மாற்றும்போது பழைய பொட்டுகள் எங்கெங்கே இருந்தன என்று போட்டோ எடுத்து வையுங்கள். துரு தடுக்கும் பூச்சு கொடுத்து, இந்தப் பொட்டுகளுக்கென்றே விற்கும் உப்பாத ஃபோமை அதே இடங்களில் அதே அளவில் வையுங்கள். நிறைய பேர் இதை வைப்பதே இல்லை. அப்புறம் கதவைச் சாத்தினால் தகர டப்பா சத்தம் வருகிறது என்று வாடிக்கையாளர் அலைகிறார். நசுங்கிய தகட்டை இழுத்து நிமிர்த்தும்போது பொட்டு பிய்ந்துவந்தால் அதையும் திருப்பி வைக்க வேண்டும். ஃபோம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் வைக்காதீர்கள். அது எரிந்தால் வரும் புகை விஷம். பியூ ஃபோம் ஸ்ப்ரே டப்பாவில் இருப்பதும் தீப்பிடிக்கிற வாயுதான்.

வண்டிக்காரர்களே, தயவுசெய்து யாரையும் கூரை ஓரத்தில் ஃபோம் அடிக்க விடாதீர்கள். விபத்தில் ஜன்னல் ஓரமாகத் திரைபோல விரியும் கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது மடிந்து கிடப்பது அங்கேதான். ஏற்கெனவே அடித்திருந்தால் நீங்களாகக் குத்தி எடுக்க வேண்டாம், வயரும் சென்சாரும் உள்ளே இருக்கலாம். சத்தம் வந்தால் முதலில் டோர் பேடைக் கழற்றி, எது ஆடுகிறது என்று கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தக் காரில் இரண்டு கதவுகளையும் சுரண்டிச் சுத்தம் செய்ய ஒன்றரை நாள் ஆனது. அடித்தகட்டை வெட்டி ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. ஃபோமை எடுத்த பிறகுதான் முதல் சத்தத்தின் காரணமும் தெரிந்தது. லாக் கம்பியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் ஒன்று உடைந்திருந்தது.