ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஆபரேஷனுக்கு ஜாதகம் பார்க்காதீர்கள்

ராயபுரத்திலிருந்து தந்தையை அழைத்து வந்த ஒருவர், 'இருபுறமும் இரத்தக்குழாய் நரம்பைத் தொடுகிறது' என்று ரிப்போர்ட்டில் இருப்பதால் வலிக்காத பக்கத்தையும் சேர்த்தே ஆபரேஷன் செய்துவிடலாமா என்று கேட்டார். வடசென்னையில் முகநரம்பு வலிக்காக வருபவர்களிடம் இதே குழப்பத்தை ஓயாமல் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முகத்தின் உணர்ச்சிக்குரிய ஐந்தாவது மூளை நரம்பை இரத்தக்குழாய் தொட்டுக்கொண்டிருப்பது, வலியே இல்லாத பலரின் எம்.ஆர்.ஐ. படத்திலும் தெரியும். தொடுவது நோயாகாது. தொடுவது தமனியா சிரையா, மூளைத்தண்டிலிருந்து நரம்பு புறப்படும் இடத்துக்கு அருகில் தொடுகிறதா, நரம்பை நகர்த்தியோ அழுத்தியோ மெலியச் செய்திருக்கிறதா என்பவையே நாங்கள் பார்ப்பவை. தமனி அழுத்தி நரம்பு மெலிந்திருந்தால், குழாயை விலக்கி வைக்கும் அறுவைசிகிச்சையில் நீடித்த நிவாரணம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். சிரை மட்டுமென்றால், அல்லது வெறுமனே தொட்டிருந்தால், குறைவு. அப்போதும் அது வாய்ப்புதான், வாக்குறுதி அன்று. இச்சிகிச்சையைப் பரவலாக்கிய அமெரிக்க நரம்பு அறுவைசிகிச்சை நிபுணர் ஜானெட்டாவின் பிட்ஸ்பர்க் குழு 1996இல் வெளியிட்ட முடிவுகளிலேயே, பத்தாண்டுகளுக்குப் பின் மருந்தின்றி வலியில்லாமல் இருந்தவர்கள் சுமார் 70 சதவீதம்தான். அவர்களிலும் சிலருக்கு இரண்டாம் முறை ஆபரேஷன் தேவைப்பட்டது.

படத்துக்கு இணையாக முடிவைக் கணிக்க உதவுவது நோயாளியின் வாய்மொழி. பல் துலக்கும்போதும் முகம் கழுவும்போதும் ஷாக் அடித்ததுபோல் சில நொடிகள் வெட்டிவிட்டுப் போகும் வலிக்குப் பலன் நன்றாக இருக்கும். நாள் முழுவதும் விடாமல் எரியும் வலிக்கு அவ்வளவு சொல்ல இயலாது. இதை எந்த இயந்திரமும் படமெடுக்காது.

'நார்மல்' என்ற ரிப்போர்ட்டைக் கண்டு கலங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: சாதாரண மூளை ஸ்கேனின் தடித்த வெட்டுகளில் இந்த நரம்பு சரியாகத் தெரியாது. மெல்லிய வெட்டுப் படம் வேண்டும் என்று சீட்டில் எழுதாமல் அனுப்பும் எங்கள் துறையினரையும் இதில் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். கட்டியோ, நரம்பின் மேலுறை சிதையும் நோயோ காரணமா என்று அறியவும் ஸ்கேன் அவசியம், ஆகவே தவிர்க்காதீர்கள்.

வலி தாளாமல் நல்ல பற்களைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். இந்த வலிக்குக் கொடுக்கும் கார்பமாஸெபின் மாத்திரையை நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள்; ஆனால் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ கண்டால், அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரிடம் வந்துவிடுங்கள். வரும்போது ரிப்போர்ட் தாளோடு படங்கள் அடங்கிய சி.டி.யையும் தயவுசெய்து கொண்டுவாருங்கள். குழாய் நரம்பை அழுத்துகிறதா என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தாக வேண்டும்.