தண்டுவடக் காயத்துக்குப் பிறகு விளையாட்டு மனதுக்கு என்ன செய்கிறது?

தண்டுவடம் அடிபட்டவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எப்ப எழுந்து நடப்பாங்க?" என்பதுதான். தென்னை மரத்திலிருந்து விழுந்தவரோ, பைக் விபத்தில் சிக்கியவரோ, வீடு திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் அந்தக் கேள்வியோடுதான் படுத்திருக்கிறார். நாள் முழுக்க அவர் என்ன செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. தண்டுவடக் காயம் பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாக, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். படுக்கைப்புண்ணுக்கு மருந்து போடுகிறோம், சிறுநீர்த் தொற்றுக்கு ஊசி போடுகிறோம். மனது மட்டும் போகப் போகத் தானே தேறிக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம்.

அப்படி விடாதவர் லுட்விக் குட்மன். நாஜிகளிடமிருந்து தப்பி 1939-இல் இங்கிலாந்து வந்த யூத நரம்பியல் மருத்துவர். 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயத்துக்கான மையத்தை 26 படுக்கைகளோடு தொடங்கினார். அந்தக் காலத்தில் இப்படி அடிபட்டவர்கள் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சீக்கிரம் இறந்துவிடுவார்கள் என்பதே மருத்துவ உலகின் எண்ணம். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைத் திருப்பிப் படுக்கவைக்கச் செய்து அவர் அந்த எண்ணத்தை மாற்றினார். பிழைத்தவர்கள் அடுத்து என்ன செய்வது? அதற்கு அவர் கொடுத்த பதில்களில் ஒன்று விளையாட்டு. 1948 ஜூலை 29-இல் 16 பேரை வைத்து ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அது வளர்ந்து 1960-இல் ரோமில் 400 வீரர்களோடு முதல் பாராலிம்பிக் போட்டியாக நடந்த கதை பலருக்குத் தெரியும். பதக்க மேடையில் முடிந்த அந்தக் கதை சிகிச்சை அறையில் தொடங்கியது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏன் வில்வித்தை? மார்புக்குக் கீழே உணர்வு போனவருக்கு, தான் நேராக உட்கார்ந்திருக்கிறோமா சாய்கிறோமா என்பதே தெரியாது. கண்ணாடியைப் பார்த்துத்தான் உட்காரப் பழக வேண்டும். ஆனால் முதுகில் ஓர் அகன்ற தசை இருக்கிறது. இடுப்பெலும்பிலும் கீழ்முதுகிலும் தொடங்கி மேற்கை எலும்பில் போய் முடிகிறது. இதற்கு நரம்பு வருவது கழுத்திலிருந்து. மார்புப் பகுதியில் தண்டுவடம் அறுந்தாலும் இந்தத் தசைக்கு ஒன்றும் ஆகாது. உணர்வு இழந்த இடுப்பையும் உணர்வுள்ள தோளையும் இணைக்கும் உயிருள்ள பாலம் இதுதான். வில்லை இழுக்கும்போதும் பந்தை எறியும்போதும் அந்தப் பாலம் வலுப்படுகிறது. அப்புறம் கண்ணாடி தேவைப்படுவதில்லை. சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு யார் தயவும் இல்லாமல் மாற முடிகிறது. அம்மாவோ மனைவியோ தூக்கிவிடக் காத்திருந்த ஒருவர் தானே மாறிக்கொள்ளும் நாளில் மனதில் ஏற்படும் மாற்றத்தை எந்த மாத்திரையும் தராது என்றே நினைக்கிறேன்.

சரி, இது வெறும் நம்பிக்கையா, நிரூபணம் உண்டா? ஜப்பானில் 169 ஆண்களிடம் செய்து 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு மூன்று தடவைக்கு மேல் விளையாடியவர்களிடம் மனச்சோர்வு குறைவாகவும் உற்சாகம் கூடுதலாகவும் இருந்தது. கூடைப்பந்தா, டென்னிஸா, நாற்காலி ஓட்டமா என்பதில் வித்தியாசம் தெரியவில்லை. எத்தனை தடவை என்பதுதான் கணக்கில் வந்தது. ஆனால் மனது நன்றாக இருப்பவர்கள்தானே மைதானத்துக்கு வருவார்கள் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

அதற்குப் பதில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில் இருக்கிறது. 34 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் வாரம் இரண்டு தடவை ஒன்பது மாதம் உடற்பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்கு வலி குறைந்தது, மன அழுத்தம் குறைந்தது, மனச்சோர்வும் குறைந்தது. எந்த வழியாக என்று அலசியபோது, வலி குறைந்ததும் மன அழுத்தம் குறைந்ததும்தான் சோர்வைக் குறைத்தன என்று தெரிந்தது. தண்டுவடக் காயக்காரர்களின் வலி வெளியே தெரியாது. உணர்வே இல்லாத காலில் எரிச்சல் என்றால் வீட்டாரே நம்புவதில்லை. அந்த வலி கொஞ்சம் விலகினாலே தூக்கம் வருகிறது, பேச்சு வருகிறது. அந்த ஒன்பது மாதத் திட்டம் முடிந்தபின், விருப்பப்பட்டால் தொடரலாம் என்று விட்டதும் வருகை பாதியாகிவிட்டது. மூன்று மாதத்தில் அவர்களின் வாழ்க்கைத் திருப்தியும் சரிந்தது. இந்தப் பலனைச் சேமித்து வைக்க முடியாது.

அங்கே நடந்தது உடற்பயிற்சி. விளையாட்டில் கூடவே மனிதர்களும் வருகிறார்கள். "என்னால் முடியும்" என்ற எண்ணம் வளரும் வழிகளில் இரண்டு இவை என்றார் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா: ஒன்று, தானே செய்து பார்ப்பது, மற்றொன்று, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. கதீட்டர் என்கிற சிறுநீர்க் குழாயை எப்படிச் சுத்தமாக வைப்பது, ஆட்டோவில் எப்படி ஏறுவது, கல்யாண வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்பதையெல்லாம் டாக்டர் சொன்னால் அது அறிவுரை. பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னால் அது அனுபவம்.

விதிகளிலும் நுட்பம் இருக்கிறது. 1970-களில் கனடாவின் வினிபெக்கில், கைகளும் பாதிக்கப்பட்டவர்கள் தங்களுக்காக உருவாக்கியது சக்கர நாற்காலி ரக்பி. ஒவ்வொருவருக்கும் இயக்கத் திறனைப் பொறுத்து 0.5 முதல் 3.5 வரை புள்ளி. களத்தில் நிற்கும் நால்வரின் கூட்டு பொதுவாக 8-ஐத் தாண்டக் கூடாது. நான்கு பலசாலிகளை மட்டும் வைத்து அணி அமைக்கவே முடியாது. குறைந்த இயக்கம் உள்ளவர் அங்கே கருணைக்காகச் சேர்க்கப்பட்டவர் இல்லை. அவர் இல்லாமல் கணக்கே வராது. விபத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு கூட்டத்துக்குத் தான் தேவைப்படுகிறோம் என்று உணர்வது சாதாரண விஷயமா?

சில எச்சரிக்கைகள். மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ அடிபட்டவர்களுக்கு இதயத்தை வேகப்படுத்தும் நரம்பு வழி தடைபட்டிருக்கும். நாடித் துடிப்பை வைத்து அவர்கள் உழைப்பை அளக்கக் கூடாது. காயத்துக்குக் கீழே வியர்க்காது. நம் ஊர் வெயிலில் அது ஆபத்து. காலையிலோ மாலையிலோ ஆடுவதும், முகத்திலும் கையிலும் தண்ணீர் தெளிப்பதும் அவசியம். மார்பின் 6-ஆவது நரம்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்கு, சிறுநீர்ப்பை நிரம்பினாலோ குழாய் மடங்கினாலோ ரத்த அழுத்தம் திடீரென எகிறலாம். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே வியர்த்தல் இதன் அடையாளங்கள். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, காரணத்தைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும். தணியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எவ்வளவு போதும்? 2018-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், உடல் திறனுக்குக் குறைந்தது வாரம் இரண்டு தடவை 20 நிமிட மூச்சுவாங்கும் பயிற்சியும், தசை வலுப் பயிற்சியும் என்கிறது. பெரிய அளவில்லை. ஆனால் அந்த 20 நிமிடத்துக்காக வீட்டிலிருந்து மூன்று மணி நேரம் வெளியே இருக்க வேண்டியிருக்கிறது. மைதானத்தில் நாற்காலி நுழையும் கழிப்பறை இல்லை என்றால் பலர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். அது தொற்றில் கொண்டுபோய் விடுகிறது, அடுத்த வாரம் ஆள் வருவதில்லை. சாய்தளம், 90 சென்டிமீட்டர் அகலக் கதவு, சுவரில் இரண்டு கைப்பிடி: மாவட்ட விளையாட்டு அரங்கங்களிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது இவற்றைத்தான். பந்தும் வலையும் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.