மண்டபம் புக் பண்ணும்போது கேட்காத கேள்வி

கல்யாண மண்டபம் பார்க்கப் போனால் ஏசி இருக்கிறதா, கார் எத்தனை நிறுத்தலாம், ஒரு பந்தியில் எத்தனை பேர் உட்காரலாம் என்றெல்லாம் கேட்போம். சாப்பிட்ட இலை எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. மண்டபங்களுக்கும் ஓட்டல்களுக்கும் உரக்குழி அமைத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் நான் கேட்பேன். பெரும்பாலும் வரும் பதில், "அது வண்டி வந்து எடுத்துட்டுப் போயிரும்".

வண்டி எங்கே போகும் என்பதை நாகர்கோவில்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம், வலம்புரிவிளை குப்பைக்கிடங்கு என்றாலே போதும். அங்கே தீப்பிடித்தால் லேசில் அணையாததற்கு நாம் அனுப்பும் சோறும் இலையும்கூட ஒரு காரணம்தான், ஏனென்றால் மக்கும் குப்பை காற்றில்லாமல் அடியில் புதைந்தால் மீத்தேன் வரும், அது எரியும் வாயு. 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தையும் பிடித்து வைக்கும்.

அரசு விதி இதில் தெளிவாகவே இருக்கிறது. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, மக்காத, மறுசுழற்சி செய்ய முடியாத, எரிக்கவும் உதவாத மிச்சம் மட்டும்தான் குப்பைக்கிடங்கில் புதைக்கப்பட வேண்டும் என்று இருந்தது. அந்த விதிகளுக்குப் பதிலாக வந்திருக்கும் 2026 விதிகள், ஏப்ரல் 1 முதல், மூன்றாக இருந்த தரம்பிரிப்பை நான்காக்கி, ஈரம், உலர், சுகாதாரக் கழிவு (நாப்கின், டயபர்), சிறப்புக் கவனக் கழிவு (பல்பு, மருந்து போன்றவை) என்று பிரிக்கச் சொல்கின்றன. சரி, பிரிக்கலாம். ஆனால் எங்கே நின்று பிரிப்பது?

பந்தி முடிந்ததும் பாருங்கள். மேசையில் விரித்த பேப்பர் ரோலை ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே வருவார்கள், இலை, மீந்த அவியல், தண்ணீர் பாட்டில், பாயசக் கப் எல்லாம் அதற்குள்ளேயே போய்விடும். அடுத்த பந்திக்கு ஆள் காத்து நிற்கும்போது அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அப்படிச் சுருட்டியதைப் பின்னாடி பிரித்து எடுப்பது நடக்காத காரியம். அதனால் நான் மண்டபக்காரர்களிடம் முதலில் கேட்பது குழிக்கு இடமல்ல. பேப்பர் ரோலை நிறுத்துங்கள், மேசையைத் துடைத்துக்கொள்ளலாம், பாட்டிலுக்கு ஒரு ஆள் ஒரு கூடையோடு இலை எடுப்பவருக்கு முன்னால் நடக்கட்டும் என்பேன். மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசிய கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை செய்யப்பட்டவை என்பது வேறு விஷயம். தோவாளையிலிருந்து வரும் பூமாலையிலும் இதே கதைதான்: வாழைநாரில் கட்டியது அப்படியே மக்கும், நைலான் நூலில் கட்டியதை உட்கார்ந்து அறுக்க வேண்டும்.

குழி சமாச்சாரத்தில் நம் குமரி மாவட்டத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நமக்குக் கிடைக்கும், ஆகவே கூரை இல்லாத உரத்தொட்டி வருஷத்தில் பாதி நாள் ஊறிப்போய் நாறும். நாற்றம் வந்தால் அக்கம்பக்கம் சண்டைக்கு வரும், அத்தோடு தொட்டி மூடப்படும். கூரை போடுங்கள், ஒவ்வொரு அடுக்கு இலைக்கும் மேலே ரப்பர் சருகோ தென்னை நார்க்கழிவோ தாராளமாகப் போடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் தண்ணீர் வரக்கூடாது. வாசலில் கட்டிய குலைவாழையை வெட்டிப் போடாமல் முழுசாகத் தள்ளினால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

அப்புறம் சர்ச் அசன விருந்து, கோயில் கொடைவிழா நடத்துகிறவர்களுக்கு: உரிமம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடினால் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும், குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது 2016 விதியிலேயே இருந்தது. கமிட்டி கூட்டங்களில் நான் இதைச் சொன்னால் புதுச் செய்தி மாதிரி கேட்கிறார்கள்.

மீன், கோழிக் கழிவை மட்டும் இந்தத் தொட்டியில் போடாதீர்கள். நாய் தோண்டும், புழு வைக்கும். அதற்கு முறையே வேறு, அடுத்த பதிவில் எழுதுகிறேன்.