ஒப்புகைச் சீட்டைக் கையில் கேட்காதீர்கள்

ஒவ்வொரு தேர்தலிலும் இதே கேள்வி. "ஏடிஎம்மில் பணம் எடுத்தால்கூடச் சீட்டு வருகிறது, ஓட்டுப் போட்டதற்குக் கையில் சீட்டு தந்தால் என்ன?" நன்றாகப் படித்தவர்களே கேட்கிறார்கள். போதாததற்கு, யாருக்கு வாக்கு விழுந்தது என்று சீட்டு அச்சிட்டுக் காட்டும் விவிபேட் இயந்திரத்தின் கண்ணாடிக்குள் தெரியும் சீட்டைத் திருட்டுத்தனமாகப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும் வழக்கம் வேறு.

அந்தச் சீட்டு உங்கள் கைக்கு வந்தால் உங்களிடமே தங்கும் என்றா நினைக்கிறீர்கள்? பணம் கொடுத்தவன் அன்று மாலையே வாசலில் வந்து நிற்பான். பணப்பட்டுவாடாவால் 2017இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும் 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தான மாநிலம் இது. பணம் வாங்கியவர் யாருக்குப் போட்டார் என்று கொடுத்தவனுக்குத் தெரிய வழியில்லை. ஏழை வாக்காளருக்கு இருக்கும் பாதுகாப்பே அதுதான். முதலாளி, ஊர்ப் பெரியவர், வீட்டில் கணவர் என்று கேட்க வேறு ஆட்களும் உண்டு. "காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகட்டுமே" என்பார்கள். சீட்டு கையில் இருக்கும்போது காட்ட மறுப்பதே ஒரு பதில்தானே! யாராலும் காட்ட முடியாது என்று இருந்தால்தான் மறுப்பவர் தப்பிக்க முடியும். செல்போன் படமும் இதே கதைதான். நீங்கள் பெருமைக்குப் போடுகிறீர்கள். அடுத்த தெருவில் ஒருவரிடம் அதையே கட்டாயமாகக் கேட்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சரிபார்க்க வேண்டிய இடம் வாக்களிக்கும் மறைவிடம். பட்டனை அழுத்திச் சிவப்பு விளக்கு எரிந்ததும் கண்ணை விவிபேட் பக்கம் திருப்புங்கள். வரிசை எண், வேட்பாளர் பெயர், சின்னம் அச்சான சீட்டு 7 நொடி தெரியும். பிறகு அறுந்து பெட்டிக்குள் விழும். உங்கள் பெயர் அதில் இருக்காது. பலர் பீப் சத்தம் வருகிறதா என்று பட்டனையே பார்த்துக்கொண்டு நின்று, அந்த 7 நொடியையும் கோட்டை விடுகிறார்கள்.

சீட்டில் வேறு பெயர் வந்தால் வெளியே போய்க் கூச்சல் போட்டுப் பயனில்லை. அங்கேயே வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் சொல்லுங்கள். தேர்தல் நடத்தை விதிகளில் விதி 49எம்ஏ இதற்காகவே இருக்கிறது. பொய்ப் புகார் என்றால் தண்டனை உண்டு என்று எச்சரித்து, எழுத்துமூலம் உறுதிமொழி வாங்குவார். வாக்களிக்க வந்தவர்களைப் பதியும் 17ஏ பதிவேட்டில் உங்கள் பெயரை இரண்டாம் முறை பதிந்து, வேட்பாளர்களின் பூத் ஏஜென்டுகள் முன்னிலையில் சோதனை வாக்கு போடச் சொல்வார். சீட்டு தப்பாக வந்தால் அந்த இயந்திரத்தில் வாக்குப்பதிவு நிற்கும், தேர்தல் நடத்தும் அலுவலருக்குத் தகவல் போகும். சரியாக வந்தால் 17ஏ-வில் குறிப்பு எழுதி, அந்த வாக்கை எண்ணிக்கையில் கழித்துவிடுவார்கள். ஒரே ஒரு முறை நேர்ந்த கோளாறு இரண்டாம் முறை வராமலே போகலாம். அப்படியிருக்க, தண்டனை மிரட்டல் நியாயமான வாக்காளரையும் வாயடைக்கிறது. இந்த விதியைத் திருத்தத்தான் வேண்டும்.

வாக்கு ரகசியம் உண்மையில் கசியும் இடம் வேறு. முடிவுகள் பூத் வாரியாக வெளியாகின்றன. ஒரே தெருவோ ஒரே சாதிக் குடியிருப்போ வாக்களிக்கும் சின்ன பூத்தில், எந்தப் பக்கம் விழுந்தது என்று யாருக்கும் தெரிந்துவிடும். பல இயந்திரங்களின் எண்ணிக்கையைச் சேர்த்துச் சொல்லும் 'டோட்டலைசர்' கருவியைச் சட்ட ஆணையம் 2015இலேயே பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. சீட்டு கேட்டுச் சண்டை போடுபவர்கள் இதைக் கேட்கலாம்.

எண்ணிக்கை சரியா என்று பார்க்கும் வேலை பூத் ஏஜென்டுகளுடையது. அவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்கிறேன். வாக்குப்பதிவுக்கு 90 நிமிடம் முன்பே வந்துவிடுங்கள். மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 வாக்கு போட்டுப் பாருங்கள். முடிந்ததும் வாக்குகளைப் பதிந்து வைக்கும் கண்ட்ரோல் யூனிட்டில் 'கிளியர்' அழுத்தினார்களா, விவிபேட் பெட்டியிலிருந்த மாதிரிச் சீட்டுகளை எடுத்தார்களா என்று கண்ணால் பாருங்கள். இதில் ஒன்று விட்டாலும் எண்ணும் நாளில் கணக்கு இடிக்கும். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் குலுக்கலில் 5 பூத்களின் சீட்டுகளைத்தான் எண்ணுவார்கள். மற்ற பூத்களுக்கும் வேண்டுமென்றால் விதி 56டி-யின்படி வேட்பாளர் எழுதிக் கேட்க வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் தேர்தல் நடத்தும் அலுவலர் முடிவு. எண்ணியபின் வேறுபாடு வந்தால் சீட்டுக் கணக்கே செல்லும்.

மாலையில் பசி, பஸ் என்று சொல்லி, வாக்குக் கணக்குப் படிவமான 17சி-யின் நகல் வாங்காமல் கிளம்பாதீர்கள். பதிவான மொத்த வாக்குகளும் இயந்திர எண்ணும் அதில்தான் இருக்கின்றன; எண்ணும் மேசையில் ஒப்பிட அந்தத் தாள் வேண்டும்.