வீடியோ இன்டர்வியூவில் அந்த அரை விநாடி எங்கே போகிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டிலிருந்து பெங்களூரு கம்பெனிக்கு வீடியோவில் இன்டர்வியூ கொடுப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கடம். கேட்பவர் நிறுத்துகிறார், நாம் ஆரம்பிக்கிறோம், அதே நொடி அவரும் ஆரம்பிக்கிறார். "ஸாரி, நீங்க சொல்லுங்க." "இல்ல சார், நீங்க சொல்லுங்க." பதற்றத்தில் உளறுகிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். பதற்றத்தை விட இதில் நெட்டின் பங்குதான் அதிகம்.

நேரில் பேசும்போது ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாக 200 மில்லிவிநாடி அளவுதான். அழைப்பில் குரல் ஒரு பக்கம் போய்ச் சேரவே 200 ஆனால், அவர் கேள்வி வருவதற்கும் நம் பதில் போவதற்கும் சேர்த்து 400 கூடிவிடும். உடனே பதில் சொன்னாலும் அவருக்கு அது தயக்கமாகத் தெரியும். கேள்வி புரியவில்லை போல என்று விளக்க வாயெடுப்பார். அங்கேதான் மோதல்.

தூரத்தின் மேல் பழி போட முடியாது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கேபிள் சென்னையைச் சுற்றிக்கொண்டு 1000 கிலோமீட்டர் போனாலும் ஆவது 5 மில்லிவிநாடிதான். பெரும்பாலும் நேரத்தைத் தின்பது வீட்டு வைஃபையும், அதைச் சமாளிக்க ஆப் செய்யும் காத்திருப்பும்.

நம் குரலை ஆப் பெரும்பாலும் 20 மில்லிவிநாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறது. புதுச்சேரியில் கல்யாணம் என்று கடலூரிலிருந்து ஒரே குடும்பம் நாலு பஸ்ஸில் கிளம்பினால் எப்படி முன்னே பின்னே வந்து சேருமோ, அப்படித்தான் இவையும். வந்ததை வந்தபடி ஒலித்தால் பேச்சு கரகரக்கும். அதனால் எதிர்முனை ஆப் கொஞ்சம் நிறுத்தி, வரிசைப்படுத்தி, பிறகு ஒலிக்கிறது. வைஃபை தடுமாறத் தடுமாற அந்த நிறுத்தத்தை அது நீட்டிக்கொண்டே போகும். ரொம்பவும் பிந்திய துண்டைத் தூக்கிப் போட்டுவிடும். "வாய்ஸ் பிரேக் ஆகுது" என்பது பெரும்பாலும் அதுதான்.

தம்பி அதே நேரம் பெரிய வீடியோவை அப்லோட் செய்தால் ரவுட்டரில் வரிசை நீளும். நம் குரலும் அதன் பின்னால்தான் நிற்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை என்றால் மைக்ரோவேவ் அடுப்பு, ப்ளூடூத், பக்கத்து வீட்டு ரவுட்டர் எல்லாம் அதே அலைவரிசையில் கூச்சல் போடும். ப்ளூடூத் ஹெட்செட் தன் பங்குக்கும் தாமதம் சேர்க்கும். வயர் இயர்போன் மலிவு, வேகமும் கூட. லேப்டாப்பை லான் கேபிளில் செருகிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அப்புறமும் திணறினால் அனுமதி கேட்டு வீடியோவை அணைக்கலாம். குரலுக்கு விநாடிக்குச் சில பத்து கிலோபிட் போதும், படத்துக்கோ ஆயிரத்துக்கு மேல் வேண்டும்.

ரிங் லைட், பின்னால் திரைச்சீலை பற்றியெல்லாம் யூடியூபில் வேண்டிய மட்டும் இருக்கிறது. ரவுட்டருக்கு பேட்டரி வைக்கத்தான் மறந்துவிடுகிறார்கள். 2011-ல் 'தானே' புயலைப் பார்த்த ஊருக்குக் கரண்ட் கட் பற்றி நான் சொல்லவா வேண்டும்?

முந்தின நாள் லாஸ்பேட்டை நண்பரை அதே ஆப்பில் கூப்பிட்டு, ஆளுக்கொரு எண்ணாக ஒன்று, இரண்டு என்று மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். எண்களுக்கு நடுவே விழும் இடைவெளியில் தாமதம் காதிலேயே தெரியும். இன்டர்வியூ எத்தனை மணிக்கோ அதே நேரத்தில் செய்யுங்கள். காலையில் சீராக ஓடும் இணைப்பு, தெருவே படம் பார்க்கும் இரவு எட்டு மணிக்கு அப்படி இருக்காது.