மறைத்த செய்தி பிள்ளைக்கு எப்படித் தெரிகிறது?

இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளையிடம் நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல் காப்பதே நல்லது என்று 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் அமெரிக்க மருத்துவர்களில் பலர் கருதினர். அந்நோயிலிருந்து மீள்வோர் அன்று மிகச் சிலரே. பத்து வயதுகூட நிரம்பாத பிள்ளைக்குச் சாவு என்பது விளங்காது, விளங்காததைச் சொல்லி ஏன் அச்சுறுத்த வேண்டும் என்பது அவர்களின் வாதம்.

செவிலியத் துறை ஆய்வாளர் யூஜீனியா வேக்டர் இதைச் சோதித்துப் பார்த்தார். 6 முதல் 10 வயது வரையிலான 64 பிள்ளைகளிடம் படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார். புற்றுநோய் உள்ளிட்ட உயிர்க்கொல்லி நோய்களைக் கொண்ட 16 பிள்ளைகளிடம் காணப்பட்ட அச்சம், மருத்துவமனையில் இருந்த பிற பிள்ளைகளின் அச்சத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது என்பது 1971இல் வெளியான முடிவு. அந்த 16 பேரில் இருவரிடம் மட்டுமே நோயைப் பற்றிப் பேசியிருந்தார்கள். ஆனால் மற்றவர்கள் சொன்ன கதைகளிலும் தனிமையும் பிரிவும் சாவும் வந்துகொண்டே இருந்தன.

யாரும் சொல்லாதது எப்படித் தெரிந்தது? 1970களில் மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் 3 முதல் 9 வயது வரையிலான இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுடன் மாதக்கணக்கில் இருந்து இதைக் கவனித்தார். பெரியவர்களின் அழுத முகமும் வழக்கத்துக்கு மாறான சலுகைகளும் நோய் சாதாரணமானதன்று என்பதை முதலில் உணர்த்திவிடுகின்றன. பிறகு மருந்துகளின் பெயர்களும் பக்கவிளைவுகளும், அதன்பின் ஒவ்வொரு சிகிச்சையின் நோக்கமும், நோய் அடங்கி மீண்டும் தலைதூக்கும் போக்கும், பெரும்பாலும் உடன் சிகிச்சை பெறும் பிள்ளைகளின் பேச்சு வழியாகவே, படிப்படியாகத் தெரியவருகின்றன. அவர்களில் ஒருவர் இறக்கும்போது, இதுவரை சேர்த்த செய்திகள் எல்லாம் ஒன்றுகூடி, தனக்கும் அதுவே நேரும் என்ற முடிவில் போய் நிற்கின்றன. இந்த அறிவை வளர்ப்பது வயதன்று, அனுபவம்: நெடுநாள் நோயில் இருக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கு, புதிதாக வந்த ஒன்பது வயதுப் பிள்ளையைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கலாம்.

தெரிந்தும் பிள்ளை அதை வெளிக்காட்டுவதில்லை. அடுத்த பிறந்தநாள், இறந்துபோன நண்பன் போன்றவற்றை இரு தரப்புமே தொடாமல் விலகிச் செல்கின்றன. பேச்சு தவறி அங்கே போய்விட்டால் உடனே வேறு திசைக்குத் திரும்புகிறது. சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1965இல் 'பரஸ்பரப் பாசாங்கு' என்று பெயரிட்டது இதைத்தான். தாம் பிள்ளையைக் காப்பதாகப் பெற்றோர் நினைத்திருக்க, பெற்றோரைக் காப்பது பிள்ளையாக இருக்கிறது. உண்மையை வாய்விட்டுச் சொன்னால் அம்மா உடைந்துபோவாள், அருகில் இருக்கமாட்டாள் என்பது அதன் கணக்கு. இன்னும் சிறிய பிள்ளைகளோ தம் குறும்புக்குக் கிடைத்த தண்டனையே இந்நோய் என்று நம்பிவிடுவது உண்டு. மௌனம் நீடிக்கும்வரை அந்த நம்பிக்கையைத் திருத்த ஆளில்லை.

புற்றுநோயால் பிள்ளையை இழந்த சுவீடன் பெற்றோரிடையே நடந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. பிள்ளையுடன் சாவைப் பற்றிப் பேசிய 147 பேரில் ஒருவர்கூட வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினர். இதைக் கொண்டு எல்லோரும் பேசியே ஆக வேண்டும் என்று விதி செய்வது சரியாகாது, ஏனெனில் பேசாதவர்களிலும் பெரும்பான்மையோர் வருந்தவில்லை. பேசாதிருந்தவர்களுள், பிள்ளைக்குத் தன் முடிவு தெரிந்திருந்தது என்று உணர்ந்த பெற்றோரிடையே வருந்தியவர்கள் 47 விழுக்காடு. அவ்வாறு உணராதவர்களிடையே 13 விழுக்காடு.